பிள்ளை எங்கே பிறந்தது? - தொலைந்த பிறப்புப் பதிவைத் தேடிப் பெறுதல்

காணிக் கச்சேரி நடந்து முடிந்த மறுநாட் காலை, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவரும் அவருடைய சின்னம்மாவும் எமது அலுவலக விறாந்தையில் வந்து காத்திருந்தார்கள். கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்த குடும்பம். 1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது ஊரை விட்டு வெளிக்கிட்டவர்கள். அதன்பின் எத்தனையோ இடங்களில் கொட்டில் போட்டு, பிடுங்கி, மறுபடி போட்டார்கள். அந்த அலைச்சலில் தகப்பனும் தாயும் போய்விட, தாயின் தங்கையே பிள்ளையை வளர்த்து ஆளாக்கினார்.

வயல் தகப்பனின் பெயரில் உள்ள அனுமதிப்பத்திரக் காணி. அதற்கு உரித்துக் கேட்டுப் போன மகனிடம், "நீர் இவருடைய பிள்ளை என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ் கொண்டு வாரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவரிடம் இருந்ததோ, அடையாள அட்டை எடுப்பதற்காக முன்பு பெற்ற உத்தேச வயதுச் சான்றிதழ் மட்டுமே. சொந்த ஊர்ப் பிரிவிலே இரண்டு தடவை தேடுவித்து, இரண்டு தடவையும் "பதிவு இல்லை" என்ற பதிலே கிடைத்தது. இடையில் ஒரு தரகரும் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நாம் சின்னம்மாவைப் பார்த்து ஒரேயொரு கேள்வி கேட்டோம். "உங்கட அக்கா பிள்ளையை எங்கே பெற்றவ, அம்மா?"

"வவுனியா ஆஸ்பத்திரியில, பாதர். நான்தான் பக்கத்தில நிண்டனான். ஒருதரும் என்னட்டை அதைக் கேக்கேல்லை."

இத்தனை வருட அலைச்சலுக்கும் காரணம் அதுதான். பதிவு தொலையவில்லை. தேடிய இடம்தான் பிழை.

இடம்பெயர்ந்த எமது குடும்பங்களில் இத்தகைய நிலையில் இருப்பவர்கள் பலர். பத்திரம் எரிந்துவிட்டது, வெள்ளத்தோடு போய்விட்டது, ஓடும்போது விட்டுவிட்டு வந்தோம் என்று சொல்லிச் சோர்ந்துவிடுகிறோம். கையிலிருந்தது பதிவின் பிரதிதான் என்பதை மறந்துவிடுகிறோம். மூலப் பதிவு ஒரு புத்தகத்திலே இருக்கிறது. அந்தப் புத்தகத்தைத் தேடிப் போகும் வழியைக் கீழே எழுதுகின்றோம்.

பதிவு எங்கே இருக்கும்?

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவுகள் 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின்படி நடைபெறுகின்றன. அந்தச் சட்டத்தில் நாம் மனதில் வைக்க வேண்டிய முதல் விடயம் இதுதான்: ஒரு பிறப்பு, அது நிகழ்ந்த பிரிவின் பதிவாளரிடமே பதியப்படும். பெற்றாரின் சொந்த ஊரோ, இப்போது குடும்ப அட்டை இருக்கும் இடமோ இங்கு கணக்கில்லை. அடம்பன் தாய் மன்னார் ஆஸ்பத்திரியிலே பெற்றால் பதிவு மன்னாரில். முழங்காவில் தாய் யாழ்ப்பாணத்தில் பெற்றால் பதிவு யாழ்ப்பாணத்தில். அனுராதபுரத்துக்கு அம்புலன்சில் கொண்டுபோகப்பட்டவரின் பிள்ளைக்கு அனுராதபுரத்தில். அந்தப் பதிவு சிங்களத்தில் எழுதப்பட்டும் இருக்கலாம்.

இரண்டாவது விடயம்: பதிவாளர் ஒவ்வொரு பதிவையும் இரட்டைப் பிரதியாகவே எழுதுகிறார். ஒன்று அந்தப் பகுதிக்குரிய காரியாலயத்தின் பொறுப்பிலும், மற்றது பதிவாளர் நாயகத்தின் மத்திய ஆவணக் காப்பகத்திலும் சேரவேண்டும். போர்க்காலத்தில் சில பிரதிகள் போய்ச் சேராமல் விடுபட்டிருக்கலாம். ஆயினும், "இங்கே புத்தகம் எரிந்துவிட்டது" என்று ஒரு காரியாலயம் சொன்னால், அத்தோடு திரும்பி வராமல், "மற்றப் பிரதியைத் தேட முடியுமா?" என்று கேளுங்கள்.

தேடப் போகுமுன் மூன்று கேள்விகள்

விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுக்குமுன், குடும்பத்தில் மூத்தவர்களோடு இருந்து மூன்று கேள்விகளுக்கு விடை தேடி ஒரு கொப்பியிலே எழுதுங்கள்.

முதலாவது, எங்கே பிறந்தது? ஆஸ்பத்திரியா, வீடா, நலன்புரி நிலையமா? வீட்டிலென்றால் எந்தக் கிராமம், அன்று கிராம சேவையாளர் யார், மருத்துவிச்சி யார் என்பதையும் கேளுங்கள்.

இரண்டாவது, எப்போது பிறந்தது? பதிவு இலக்கமும் திகதியும் தெரியாதவர்களுக்காகக் காரியாலயத்தில் இரண்டு வருடக் காலத்தை ஓர் அலகாக வைத்தே பதிவேட்டைத் தேடுவார்கள். ஆகவே வருடத்தை எவ்வளவு ஒடுக்கிச் சொல்கிறோமோ அவ்வளவுக்குச் செலவும் அலைச்சலும் குறையும். திகதி தெரியாத தாய்மாருக்கு வேறு கணக்குகள் தெரியும். மடு ஆடித் திருநாளுக்கு முன்போ பின்போ? காலபோக அறுவடையா, சிறுபோக விதைப்பா? 1990 யூன் ஓட்டமா, 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வா, 2004 டிசம்பர் கடற்கோளா, 2009 மே மாதமா? அந்த நேரம் பிள்ளை கையிலா, வயிற்றிலா, நடந்து வந்ததா? இப்படிக் கேட்டுக்கொண்டு போனால் பெரும்பாலும் ஓரிரு வருடங்களுக்குள் வந்துவிடலாம்.

மூன்றாவது, எந்தப் பெயரில் பதிந்தது? வீட்டிலே கூப்பிடும் பெயர் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் கொடுத்தது வேறொன்று. சில பதிவுகளில் பிள்ளையின் பெயருக்குரிய இடம் வெறுமையாகவும் இருக்கும். ஆகவே தகப்பன், தாய் இருவரின் முழுப் பெயரையும் கட்டாயம் எழுதிக் கொடுங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலோ, பெயர் எழுதப்படாதிருந்தாலோ, பதிவைக் கண்டுபிடித்த பின் திருத்தவும் சேர்க்கவும் சட்டத்தில் இடமுண்டு.

யார் உதவலாம்?

ஞானஸ்நானப் புத்தகத்தில் பிள்ளை பிறந்த திகதி, பெற்றார், ஞானப் பெற்றார் ஆகிய விபரங்கள் உண்டு. ஓரத்திலே பின்னாளைய விவாகக் குறிப்பும் இருக்கும். எமது கதையிலே வந்தவர் இடம்பெயர்ந்திருந்த இடத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். அந்தப் பங்கின் புத்தகத்தைப் புரட்டியபோது பிறந்த திகதி கிடைத்தது: 1990 ஒக்ரோபர். இடத்தோடு திகதியும் சேர்ந்தபின், பதிவைக் கண்டுபிடிக்க நெடுநாள் எடுக்கவில்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழ் பிறப்புச் சான்றிதழ் ஆகாது. அது பதிவைத் தேட உதவும் திறப்பு, பதிவு இல்லாத இடத்தில் ஒரு சாட்சி, அவ்வளவே. சைவக் குடும்பங்களுக்குச் சாதகக் குறிப்பு இதே உதவியைச் செய்யும். பாடசாலையின் சேர்விடாப்பு, தடுப்பூசி போட்ட அட்டை, ஆஸ்பத்திரித் துண்டு, நிவாரண அட்டை, சகோதரங்களின் சான்றிதழ்கள் எல்லாமே பயன்படும்.

விண்ணப்பம் எங்கே கொடுப்பது?

உங்களுக்குக் கிட்டிய பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரின் கிளைக்குப் போங்கள். 1960ஆம் ஆண்டு தொடக்கம் பதியப்பட்டு, கணினியில் ஏற்றப்பட்டுள்ள பதிவுகளின் பிரதியை நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் பெறக்கூடிய ஒழுங்கு இப்போது உண்டு. ஆயினும் எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்று நாம் சொல்லாவிட்டால் அங்கேயும் தேடல் நீளும். கணினியில் இல்லையென்றால், பிறப்பு நிகழ்ந்த பகுதிக்குரிய செயலகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணத்தைக் கருமபீடத்திலே கேட்டு, அங்கேயே செலுத்தி, பற்றுச்சீட்டை வாங்குங்கள். தரகருக்குக் கொடுக்கும் காசுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. கிராமங்களில் நடமாடும் சேவை நடக்கும் நாட்களையும் கிராம சேவையாளரிடம் கேட்டு வையுங்கள்.

மலைநாட்டிலிருந்து வந்தவர்களும் இந்தியாவில் பிறந்தவர்களும்

1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலைநாட்டிலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களுடைய மூத்தோரின் பிறப்புகள் தோட்டங்களிலே நிகழ்ந்தவை. அவற்றை அந்தந்த மலைநாட்டு மாவட்டத்திலேயே தேடவேண்டும். தோட்டத்தின் பெயரோடு டிவிசனின் பெயரையும் சொல்லுங்கள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் உரிமையைப் பரம்பரையோடு கட்டிவிட்டதால், பாட்டனார் பிறந்த ஆண்டும் இடமும் கேட்கும் நிரல்கள் பிறப்புப் பதிவிலே இடம்பெற்றன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. என்றாலும் பழைய பதிவுகளைத் தேடி வைத்திருப்பது காணிக்கும் உரித்துக்கும் உதவும்.

தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து திரும்பிய பிள்ளைகளுக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழே பிறப்புக்குச் சாட்சி. அவர்கள் அதை மூலப் பிரதியாகக் கொண்டு வந்து, பரம்பரை வழியிலான இலங்கைப் பிரசாவுரிமையைப் பதிவுசெய்ய வேண்டும். இங்கே பிறந்ததாகச் சொல்லிப் புதிதாய் ஒரு பதிவு எழுதுவிக்க எவராவது ஆலோசனை சொன்னால், கேட்காதீர்கள். பொய்ப் பதிவு பிள்ளையை வாழ்நாள் முழுவதும் துரத்தும்.

பதிவே இல்லையென்றால்?

எல்லா இடமும் தேடியும் இல்லையென்று எழுத்தில் வந்தால், அந்தக் கடதாசியையும் பத்திரப்படுத்துங்கள். பதிவு இல்லை என்பதை அதுதான் காட்டும். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழியுண்டு. சத்தியக் கடதாசி, கிராம சேவையாளரின் அறிக்கை, பெற்றாரின் விவாகச் சான்றிதழ், மேலே சொன்ன மற்றச் சாட்சிகள் என்பவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதற்கும் வழியில்லாதபோதே உத்தேச வயதுச் சான்றிதழை நாடவேண்டும். எமது கதையின் நாயகனுக்கு உத்தேசமாகப் போட்ட வருடம் 1991. உண்மைப் பதிவு கிடைத்ததும் அடையாள அட்டையையும் திருத்தவேண்டி வந்தது. முதலிலேயே சரியான இடத்தில் தேடியிருந்தால் இந்த இரட்டை வேலை இல்லை.

புதிதாய்ப் பிள்ளை பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிறப்பை 42 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மூன்று மாதம் கடந்தால் அது காலங்கடந்த பதிவாகிவிடும். காணி கிடைக்கட்டும், ஊருக்குத் திரும்பின பிறகு பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். மகள்மாரின் பத்திரங்களையும் அதே கவனத்தோடு வையுங்கள். காணி உரித்தில் ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுத்த பழைய ஒழுங்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது.

வவுனியாவிலிருந்து பிரதி வந்த அன்று அவர்கள் இருவரும் மறுபடி எமது விறாந்தைக்கு வந்தார்கள். சின்னம்மாவுக்கு எழுத்து வாசிக்கக் கண் தெரியாது. நாம் ஒவ்வொரு நிரலாக வாசித்தோம். பிறப்பைப் பற்றித் தகவல் கொடுத்தவர் என்ற இடம் வந்தது. அங்கே தகப்பனின் பெயர் இருந்தது. ஓடிவந்து, கொட்டில் போட்டு, நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற நாட்களிலும் அந்த மனிதன் ஒரு நாள் ஒதுக்கிப் பதிவாளரிடம் போய், "இவன் என் பிள்ளை" என்று எழுதுவித்திருக்கிறார். முப்பத்தைந்து வருடங்களுக்குப் பின் அந்த வரிதான் வயலுக்குரிய சாட்சியாக வந்து நிற்கிறது.

இன்றைக்கே ஒரு கொப்பியை எடுங்கள். உங்கள் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் எங்கே, எப்போது, எந்தப் பெயரில் பிறந்தார்கள் என்று எழுதுங்கள். கிழவிமார் இருக்கும்போதே கேளுங்கள். பல பதிவுகளுக்குப் போகும் வழி இன்று அவர்களுடைய ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது.