சிப்ஸ் பாக்கெட்டின் நிறமும் நம் வியாபாரமும்

நெய்வேலி நகரியத்தில் எந்த வட்டத்துக் கடையானாலும் சிறுவர்கள் சிப்ஸின் பெயரைச் சொல்வதில்லை. "அண்ணா, நீலம் ஒண்ணு, பச்சை ஒண்ணு" என்றே கேட்கிறார்கள். லேஸில் நீலம் மேஜிக் மசாலா, பச்சை க்ரீம் ஆனியன், மஞ்சள் வெறும் உப்பு. மற்ற கம்பெனிகளும் இதே நிறங்களைப் போடவேண்டும் என்று சட்டம் ஏதுமில்லை. இங்கிலாந்தில் வாக்கர்ஸ் கம்பெனி சீஸ் ஆனியனுக்கு நீலமும் உப்பு வினிகருக்குப் பச்சையும் போட, அங்குள்ள பிற கம்பெனிகள் பெரும்பாலும் அதைத் தலைகீழாக வைத்திருக்கின்றன! ஆகவே வேறு கம்பெனிச் சரக்கை எடுத்துக் கொடுக்குமுன் சுவையின் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிடுவோம். பிரித்த பாக்கெட் திரும்பி வந்தால் நஷ்டம் நமக்கே. பச்சை உறை சைவத்துக்கு அடையாளம் என்று நினைப்பவர்களும் உண்டு. அது தவறு. பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தே கொடுக்கவேண்டும். அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் முக்கோணம்.