விசேட தேவையுள்ள பிள்ளையை மீண்டும் பாடசாலைக்கு அனுப்புதல்

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் திரும்பி வரும்போது கூரையும் தண்ணீரும்தான் முதலில் நினைவுக்கு வரும். அது இயல்பு. ஆனால் உங்கள் வீட்டில் காது கேட்காத, பார்வை குறைந்த, நடக்கவோ பேசவோ சிரமப்படும், அல்லது கற்பதில் பின்தங்கும் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் படிப்பை வீட்டு வேலை முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள். "பாதை சரியானதும் அனுப்பலாம்" என்று ஒரு தவணை வீட்டில் நிறுத்தப்படும் பிள்ளை, பிறகு பாடசாலைக்குத் திரும்பாமலே போவதுண்டு.

பிள்ளையின் உரிமை

இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது. இடம்பெயர்ந்திருந்ததால் இந்த உரிமை இல்லாமற் போவதில்லை.

எந்த அலுவலகம்?

பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் இங்கே அலைகிறார்கள். ஹேவாஹெட்ட நகரம் நுவரெலியா மாவட்டத்தில், ஹங்குராங்கெத்த பிரதேச செயலகத்துக்கு உட்பட்டது. பாத்தஹேவாஹெட்டவும் தெல்தோட்டையும் கண்டி மாவட்டத்தில் உள்ளன. உங்கள் வீடு எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதை முதலில் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

பிறகு உரிய வலயக் கல்வி அலுவலகத்துக்குச் சென்று, விசேட கல்விக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். தமிழ்மொழி மூலமான விசேட கல்விப் பிரிவு அருகில் எந்தப் பாடசாலையில் உள்ளது என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

விடுதியுள்ள விசேட பாடசாலைகளும் உள்ளன. ஆனால் காது கேட்காத தமிழ்ப் பிள்ளைகள் கற்கும் கைதடி நுஃபீல்ட் பாடசாலை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. சிறு பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புமுன், அருகில் உள்ள வழியைக் கேட்டுப் பாருங்கள்.

கொண்டுபோக வேண்டியவை

பிறப்புச் சான்றிதழ், பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு, கிளினிக் புத்தகம். பிறப்புச் சான்றிதழ் மண்ணோடு போயிருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம். மற்றவை தொலைந்திருந்தாலும் போகாமல் இருக்காதீர்கள்; பழைய பாடசாலையின் சேர்விடாப்பில் பிள்ளையின் விபரம் இருக்கும். புதிதாக வைத்தியப் பரிசோதனை தேவைப்பட்டால், பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்குப் போவதற்கான கடிதத்தை உங்கள் அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியரிடம் கேளுங்கள்.

பாதை இல்லாவிட்டால்

2025 நவம்பரில் வீசிய டித்வா புயலில் மலைநாட்டு வீதிகள் பல இடங்களில் சரிந்தன. நடக்கக்கூடிய பிள்ளை குறுக்குப் பாதையால் போய்விடும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு உடைந்த ஒரு மதகே பாடசாலையை மூடிவிடும். ஆகவே "ரோட்டைச் செய்து தாருங்கள்" என்று மட்டும் எழுதாமல், எந்த இடத்தில் பாதை உடைந்துள்ளது, எந்தப் பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போக முடியவில்லை என்று எழுதுங்கள். அதன் பிரதி ஒன்றை வலயக் கல்வி அலுவலகத்துக்கும் கொடுங்கள்.

தோட்டப் பாதை என்றால் தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் ஒரே கடிதத்தைக் கொடுங்கள். "தோட்டத்துக்குள் நாங்கள் செலவழிக்க முடியாது" என்று சபையில் சொன்னால், 2018 இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு அதற்கு வழி செய்யப்பட்டதை எடுத்துச் சொல்லுங்கள். கடிதம் கொடுத்த திகதியையும், வாங்கியவரின் பெயரையும் குறித்து வையுங்கள்.

மழை கடுமையாகி மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டால், அன்று பிள்ளையை அனுப்ப வேண்டாம். அனர்த்த உதவிக்கு 117. பிள்ளையைச் சேர்க்க மறுத்தால் சிறுவர் உதவிக்கான 1929 ஐ அழையுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் எங்கள் வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். உங்களோடு அலுவலகத்துக்கு வருவார்.