நாய் காட்டிய ஊர்

ஊர்விட்டு ஊர் சென்று குடியேறியவர்களின் முதல் சில மாதங்கள் எத்தகையவை என்பதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கடைத்தெரு தெரியும், கடைக்காரர் பெயர் தெரியாது. அண்டை வீட்டார் முகம் தெரியும். அவர் மனம் தெரியாது. இந்நிலையில் உடன் ஒரு நாயும் இருக்குமாயின் நிலைமை வேறாகிவிடுகிறது. ஸ்பெயின் நாட்டுச் சிற்றூர்களில் நாயுடன் குடியேறுவோரின் அன்றாட வாழ்வை நோக்கினால் இது நன்கு விளங்கும்.

ஸ்பெயினின் உட்பகுதியில் மக்கள் தொகை நெடுங்காலமாகக் குறைந்து வருகிறது. அந்நாட்டின் 8,100-க்கு மேற்பட்ட ஊராட்சிகளில் ஏறத்தாழ 5,000 ஊர்களில் ஆயிரம் பேர்கூட இல்லை. இளைஞர் பட்டணம் சென்றனர், முதியோர் எஞ்சினர். 2019 மார்ச் 31-இல் இவ்வூரார் தலைநகராகிய மாட்ரிட்டில் பெருந்திரளாகக் கூடித் தம் குறைகளை முறையிட்டனர். பூட்டிக் கிடந்த கல்வீடுகள் சிலவற்றிற்கு இன்று பட்டணவாசிகளும் அயல்நாட்டாரும் குடிவருகின்றனர். நாயோடு வருவோரும் அவர்களுள் உண்டு.

நாயைக் கொண்டுசெல்வது எளிதன்று. ஸ்பெயினின் பெருநிலப்பகுதி 1978 முதல் வெறிநோய் நீங்கிய நாடாகக் கருதப்படுகிறது. 2013-இல் மொராக்கோ சென்று திரும்பிய ஒரு நாயினால் தொலேதோ நகரில் அந்நோய் தலைகாட்டிற்று. அதிகாரிகள் விரைந்து அடக்கினர். ஆகவே இந்தியாவிலிருந்து நாயைக் கொண்டுசெல்வோர் அதற்கு மைக்ரோசிப் பொருத்தி, தடுப்பூசி போட்டு, முப்பது நாட்களேனும் கழித்து இரத்தப் பரிசோதனை செய்து, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருத்தல் வேண்டும்.

கிராமம் வந்து சேர்ந்தபின் நாய் தன் வேலையைத் தொடங்குகிறது. மழையாயினும் பனியாயினும் நாளைக்கு இருமுறை எசமானரை வீதிக்கு இழுத்துச் செல்கிறது. வழியில் காண்போர்க்கெல்லாம் வணக்கம் கூறுவது அவ்வூர்களின் மரபு. முதலில் நாயின் பெயரைக் கேட்பர். பின்னரே எசமானரின் பெயரைக் கேட்பர். கோடைப் பகலில் வெயிலும் கற்களின் சூடும் பொறுக்கவொண்ணா. ஊர் முழுதும் கதவடைத்து உறங்கும். இரவில் நாற்காலிகளை வாசலிலே போட்டு அமர்ந்து கதை பேசுவர். நம் திண்ணைப் பேச்சே அது. அந்நேரம் நாயுடன் நடப்பவர் அக்கூட்டத்தைக் கடந்தே செல்ல வேண்டும். பேசாமல் கடத்தல் இயலாது.

ஊரின் பருவங்களையும் நாயே கற்பிக்கிறது. ஜனவரி 17, புனித அந்தோணியார் திருநாள். கோவில் வாசலில் நாய், குதிரை, கோழி முதலியவற்றைக் கொணர்ந்து ஆசி பெறுவர். குளிர் முடியும் காலத்தில் பைன் மரங்களில் பஞ்சுபோன்ற வெண் கூடுகள் தென்படும். அவற்றினின்று கம்பளிப்புழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிட்டு மண்ணுக்கு இறங்கும். அவற்றை முகர்ந்த நாயின் நாக்கு வீங்கி அழுகவும் கூடும். சில வேளை உயிரும் போகும். தேய்க்காமல் வெதுவெதுப்பான நீரால் கழுவி, உடனே கால்நடை வைத்தியரிடம் ஓட வேண்டும். எந்தப் பாதையில் அம்மரங்கள் உள்ளன என்பதை எப்புத்தகமும் கூறாது. பக்கத்து வீட்டுக் கிழவரே கூறுவார்.

கோடையில் மணல் ஈ கடிக்கும். நம் பீகாரில் பலர் அறிந்த காலா அசார் நோய்க்கு இனமான லீஷ்மேனியா நோயை அது பரப்புகிறது. அங்கு அந்நோய்க்கு உறைவிடம் நாயே. மருந்தூட்டிய கழுத்துப் பட்டையைக் கட்டி, அந்திக்குப்பின் நாயை வீட்டினுள் படுக்கவைப்பர்.

இலையுதிர்காலத்தில் வேட்டை தொடங்கும். வேட்டை நடக்கும் நாட்களில் காட்டுப்பாதையை விட்டு விலகியிருத்தல் நலம். மலைப்புல்வெளிகளில் ஆட்டுமந்தையைக் காக்கும் மஸ்தீன் என்னும் பெருநாய் எதிர்ப்படலாம். ஓநாயின் பல்லினின்று தொண்டையைக் காக்க முற்காலத்தில் அதற்கு முள் பதித்த இரும்புப் பட்டை அணிவித்தனர். அதனெதிரே ஓடலாகாது, தம் நாயைச் சங்கிலியில் பிடித்து, மந்தையைச் சுற்றி மெல்ல விலகிச் செல்ல வேண்டும். அந்நாய் பகைவனன்று, தன் கடமையைச் செய்கிறது.

இங்கேதான் குடியேறியவர் மனத்தில் ஒரு சங்கடம் எழுகிறது. தம் நாய் மெத்தையில் உறங்குகிறது. அயலாரின் வேட்டை நாயோ கொட்டடியில் கிடக்கிறது. ஒருவர்க்குப் பிள்ளை, மற்றவர்க்கு வேலையாள். கல்கோ என்னும் மெலிந்த வேட்டை நாய் அந்நாட்டில் எத்துணைப் பழமையானதென்றால், 1605-இல் வெளிவந்த செர்வாந்தேஸின் தோன் கிஹோத்தே கதையின் முதல் வாக்கியத்திலேயே அது இடம்பெற்றுள்ளது. அத்தகைய நாய்களை வேட்டைக்காலம் முடிந்தபின் கைவிடுவோர் உளர் என்று பிராணி நலச் சங்கங்கள் ஆண்டுதோறும் வருந்துகின்றன.

சட்டமும் இவ்விரு நோக்குகளுக்கிடையே நிற்கிறது. பிராணிகள் பொருள்களல்ல, உணர்வுள்ள உயிர்கள் என்று சிவில் சட்டம் 2022 முதல் ஒப்புக்கொண்டது. 2023 செப்டம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்த பிராணி நலச் சட்டம், நாயை 24 மணி நேரத்திற்கு மேல் கவனிப்பாரின்றி விடலாகாது என்கிறது. ஆனால் வேட்டை நாய்களும் மந்தை நாய்களும் அச்சட்டத்திற்குப் புறம்பாக விடப்பட்டன. எனினும் எந்த நாயையும் கொடுமை செய்வது தண்டச் சட்டப்படி குற்றமே.

அப்படியாயின் வந்தவர் செய்யத்தக்கது யாது? வந்த மறுநாளே ஊராரைத் திருத்தப் புகுவோர்க்குக் கதவுகள் அடைபடும். கண்டும் காணாமலே இருப்பதும் மனச்சான்றுக்கு ஒவ்வாது. முதலில் ஊராரின் தொழிலையும் வறுமையையும் அறிந்து, எவர் தம் நாயை நன்கு பேணுகிறார், எவர் பேணவில்லை என்று பகுத்துணர வேண்டும். கொடுமை கண்டவிடத்துக் கிராமப்புறக் காவலராகிய குவார்தியா சிவில் படையிடம் தெரிவிக்கலாம். இயற்கைப் பாதுகாப்புக்கென அதில் 1988 முதல் தனிப்பிரிவே உண்டு. கொடுமையல்லாத வேற்றுமையாயின் பொறுத்துக்கொள்வதே அறிவுடைமை. புழுவிடமிருந்து தம் நாயைக் காத்த கிழவரே கொட்டடியில் நாய் வைத்திருப்பவராகவும் இருக்கக்கூடும் அன்றோ!

நாமும் வேற்றூர் வந்தவர்களே. புதிய ஊரின் வழக்கங்களில் எவற்றை ஏற்பது, எவற்றைப் பொறுப்பது, எவற்றை மறுப்பது என்னும் வினா நம் வீடுகளிலும் நாள்தோறும் எழுகிறது. அதற்கு விடை வீட்டினுள் இருந்தபடி கிடைப்பதில்லை. தெருவில் இறங்கி, பலமுறை நடந்து, பலரை விசாரித்தே பெற வேண்டும். ஸ்பெயின் கிராமத்தில் அவ்வாறு தெருவில் இறக்கிவிடும் தோழனாக ஒரு நாய் வாய்க்கிறது.