கணினி கெடவில்லை, அமைப்புதான் மாறியிருக்கிறது: கடைக்குத் தூக்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

மாலை ஏழு மணி. பள்ளிப் பாடத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் பிள்ளை, அடுத்த வரியை யோசித்தபடியே ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டிவிடுகிறது. ஒரு சத்தம் கேட்கிறது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வருகிறது. என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலேயே ‘யெஸ்’ அழுத்தப்படுகிறது. அதன் பிறகு எல்லாம் கோளாறு. சிறிய எழுத்து தட்டினால் பெரிய எழுத்து வருகிறது. இன்னோர் எழுத்தைத் தட்டினால் திறந்திருந்த பக்கமே மூடிக்கொள்கிறது.

“கணினிக்கு வைரஸ் வந்துவிட்டது” என்று வீட்டில் முடிவாகிறது. மறுநாள் வேலை முடிந்து வந்த அப்பா, கணினிப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பட்டணத்துக் கடைக்குப் போகிறார். கடையில் இரண்டு நாள் கிடக்கிறது. பாடமும் நிற்கிறது, பணமும் செலவாகிறது.

ஜாசினிலிருந்து அலோர்காஜா வரை, தோட்டத்து வீடானாலும் பட்டணத்துத் தாமான் வீடானாலும், இது எங்கும் நடக்கக்கூடிய கதைதான். உண்மையில் அந்தக் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘ஸ்டிக்கி கீஸ்’ என்ற ஓர் அமைப்பு விழித்துக்கொண்டது, அவ்வளவுதான். அதை நிறுத்த அரை நிமிடம் போதும்.

விண்டோஸ் கணினிகளில் இப்படித் தற்செயலாக விழித்துக்கொள்ளும் அமைப்புகள் பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவை உடற்குறையுள்ளோருக்காகவும் முதியோருக்காகவும் வைக்கப்பட்டவை. தெரியாதவருக்கு அவை கோளாறாகத் தெரிகின்றன. தெரிந்தவருக்கு, பார்வை மங்கிய பாட்டிக்கும் விரல் மடங்காத தாத்தாவுக்கும் அவையே துணை. ஆகவே அவற்றை நிறுத்தத் தெரிந்துகொள்வது பாதி வேலை. வீட்டில் யாருக்கு எதைத் திறந்துவைக்கலாம் என்று தெரிந்துகொள்வது மீதி வேலை.

விசைப்பலகை சொன்னபடி கேட்கவில்லையா?

முதலில் ஸ்டிக்கி கீஸ். ஒரே நேரத்தில் இரண்டு விசைகளை அழுத்த முடியாதவர்களுக்காக இது உள்ளது. ஒற்றைக் கையால் தட்டச்சு செய்பவர் ஷிஃப்ட்டை ஒருமுறை அழுத்தி விட்டுவிட்டு, பிறகு எழுத்தை அழுத்தலாம். கணினி இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். இது தேவைப்படாதவருக்குத்தான் எழுத்துகள் தாறுமாறாகும். நிறுத்த, ஷிஃப்ட்டை மீண்டும் ஐந்து முறை அழுத்தலாம். இனி தானாக வரவே கூடாது என்றால், விண்டோஸ் விசையையும் ‘யு’ விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். அக்சசிபிலிட்டி பக்கம் திறக்கும். அதில் ‘கீபோர்ட்’ பகுதிக்குப் போய், ஸ்டிக்கி கீஸுக்கான குறுக்குவிசையை நிறுத்திவிடலாம். பழைய விண்டோஸ் 10-இல் இந்தப் பக்கத்தின் பெயர் ‘ஈஸ் ஆஃப் ஆக்சஸ்’. விசைகள் அவையேதான்.

அடுத்தது ‘ஃபில்ட்டர் கீஸ்’. வலப்பக்க ஷிஃப்ட்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் இது வரும். கை வைத்தபடியே பேசிக்கொண்டிருக்கும்போது இது எளிதில் நடந்துவிடும். பிறகு விசையை லேசாகத் தட்டினால் எழுத்தே விழாது. விசைப்பலகை செத்துவிட்டது என்று புதியது வாங்கப் போகும் முன், வலப்பக்க ஷிஃப்ட்டை மீண்டும் எட்டு விநாடி பிடித்துப் பார்க்க வேண்டும்.

எண் விசைகள் வேலை செய்யவில்லை என்றால் ‘நம் லாக்’ அணைந்திருக்கலாம். கணினியைத் திறக்கும் எண்ணைப் போட முடியாமல் தவிக்கும் பலருக்கு இதுதான் காரணம். ஒருமுறை அழுத்தினால் சரி. விசை ஒன்று உண்மையிலேயே உடைந்துபோயிருந்தால், விண்டோஸ், கண்ட்ரோல், ‘ஓ’ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தலாம். திரையிலேயே ஒரு விசைப்பலகை வரும். மௌஸால் எழுத்துகளைத் தட்டி அன்றைய வேலையை முடித்துக்கொள்ளலாம்.

திரை மாறிவிட்டதா?

திடீரென்று எல்லாம் பெரிதாகி, திரையின் ஒரு மூலை மட்டும் தெரிகிறது. மௌஸை நகர்த்தினால் திரையே நகர்கிறது. இது ‘மேக்னிஃபையர்’ எனும் உருப்பெருக்கி. விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் வரும். விண்டோஸ் விசையோடு ‘எஸ்கேப்’ அழுத்தினால் போய்விடும்.

இணையப் பக்கம் மட்டும் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகியிருந்தால், கண்ட்ரோலைப் பிடித்தபடி மௌஸ் சக்கரம் சுழன்றிருக்கும். கண்ட்ரோலும் பூஜ்யமும் அழுத்தினால் பழைய அளவுக்கு வந்துவிடும்.

திரை கறுப்பாகி எழுத்துகள் மஞ்சளும் வெள்ளையுமாகத் தெரிந்தால் அது உயர் வேறுபாட்டு வண்ணம். இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். அதே மூன்றை மீண்டும் அழுத்தினால் நிற்கும். திரை பக்கவாட்டில் திரும்பியிருந்தால், ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘டிஸ்ப்ளே’ வரிசையில் போய் ‘ஓரியன்டேஷன்’ என்ற இடத்தில் ‘லேண்ட்ஸ்கேப்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணினி தானே பேசுகிறதா?

பலரை அதிகம் பயமுறுத்துவது இதுதான். எதைத் தொட்டாலும் ஓர் ஆங்கிலக் குரல் படித்துக் காட்டுகிறது. யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று சிலர் மின்சாரத்தையே துண்டித்துவிடுவார்கள். அந்தக் குரலின் பெயர் ‘நரேட்டர்’. பார்வையற்றோருக்காகத் திரையில் உள்ளதைப் படிக்கும் வசதி அது. விண்டோஸ், கண்ட்ரோல், ‘என்டர்’ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தொடங்கும். மீண்டும் அழுத்தினால் நிற்கும்.

உண்மையான ஆபத்து வேறு முகத்தோடு வரும். இணையத்தில் எதையோ திறந்ததும் திரை முழுக்க எச்சரிக்கை, அலறும் சத்தம், “உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்” என்ற கட்டளை. கணினியின் எந்த அமைப்பும் தொலைபேசி எண்ணைக் கொடுத்து அழைக்கச் சொல்லாது. அந்த எண்ணுக்கு அழைக்கக் கூடாது. அவர்கள் சொல்லும் செயலியை இறக்கவும் கூடாது. ஆல்ட்டையும் ‘எஃப்4’ விசையையும் சேர்த்து அழுத்தி அந்தப் பக்கத்தை மூடலாம். மூட மறுத்தால் கணினியையே அணைத்துவிடலாம். ஏமாந்து வங்கி விவரத்தைக் கொடுத்துவிட்டவர்கள் தாமதிக்காமல் தங்கள் வங்கிக்கோ, தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணுக்கோ அழைக்க வேண்டும்.

தமிழால் வரும் குழப்பம்

தமிழில் எழுதும் வீடுகளில் மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. கடவுச்சொல் சரியாகத்தான் போடப்படுகிறது. ஆனால் கணினி தவறு என்கிறது. விசைப்பலகை தமிழில் நிற்பதே காரணம். கடவுச்சொல் புள்ளிகளாகத் தெரிவதால் இது கண்ணில் படுவதில்லை. விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும். திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில் எந்த மொழி இருக்கிறது என்பதும் தெரியும்.

தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கத் தனி மென்பொருள் கட்டாயமில்லை. விண்டோஸ் 11-இல் ‘டைம் அண்ட் லேங்குவேஜ்’ பகுதியில் தமிழைச் சேர்த்தால், தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைமுகங்களும் கிடைக்கின்றன. தமிழ் 99 என்பது 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட முறை. அஞ்சல் முறையில் ஆங்கில விசைகளை ஒலிப்பின்படி தட்டினால் தமிழ் வரும். அது மலேசியத் தமிழரான முத்து நெடுமாறனின் உழைப்பில் விளைந்தது. 1985-இல் அவர் தொடங்கிய முரசு மென்பொருளின் வழிவந்தது. நம் நாட்டில் பிறந்த விசைமுகம் இன்று உலகக் கணினிகளுக்குள்ளேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

ஆலயக் கூட்டக் குறிப்புகள், பள்ளி ஆண்டு மலர்கள் போன்ற பழைய கோப்புகளைத் திறந்தால் புரியாத குறிகளாக வருவதும் உண்டு. கோப்பு கெட்டுவிட்டதென்று அழித்துவிடக் கூடாது. யூனிகோட் பரவும் முன்பு ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டைப் பயன்படுத்தியது. எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள் என்று தெரிந்தால், எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். அவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

யாருக்காக வைத்தார்கள்?

இந்த வசதிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இயங்கிய டிரேஸ் மையம், கை கால் இயக்கம் குறைந்தவர்களும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்று செய்த ஆய்விலிருந்தே ஸ்டிக்கி கீஸ் போன்றவை வளர்ந்தன. விண்டோஸ் 95 முதல் அவை கணினிக்குள்ளேயே வருகின்றன. ஐந்து முறை ஷிஃப்ட் என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. பட்டியலுக்குள் போய்த் தேட முடியாதவரும் ஒரே விசையால் அதைத் திறக்க முடிய வேண்டும்.

இதை நம் வீட்டோடு பொருத்திப் பார்க்கலாம். முப்பது, நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கை சொன்னபடி மடங்குவதில்லை. மௌஸை இருமுறை வேகமாகத் தட்ட அந்த விரலால் முடியாது. அப்படிப்பட்டவருக்கு மௌஸ் அமைப்பில் இருமுறை தட்டும் வேகத்தைக் குறைத்து வைக்கலாம். கை நடுங்கி ஒரே எழுத்து மூன்று முறை விழுகிறதென்றால் ஃபில்ட்டர் கீஸ் அவருக்கு உதவும். பிள்ளைக்குத் தொல்லையாக இருந்த அதே அமைப்பு தாத்தாவுக்கு மருந்தாகிறது.

கண் பார்வையும் அப்படித்தான். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. அந்நோய் கண்ணின் விழித்திரையையும் தாக்கும். பார்வை மங்கியவர் சேமநிதிக் கணக்கையோ, ரஹ்மா ரொக்க உதவி விண்ணப்பத்தையோ தானே பார்க்க முடியாதபோது, கடவுச்சொல்லை மற்றவரிடம் கொடுக்க வேண்டியதாகிறது. பணத்தை இழக்கும் கதைகள் பல அங்கேதான் தொடங்குகின்றன. எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால், பல பாட்டிகள் தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

அக்சசிபிலிட்டி பக்கத்தில் ‘டெக்ஸ்ட் சைஸ்’ என்ற இடத்தில் எழுத்தை 225 விழுக்காடு வரை பெரிதாக்கலாம். மௌஸ் அம்புக்குறியையும் பெரிதாக்கி, கண்ணில் படும் நிறத்தைக் கொடுக்கலாம். வெளிச்சம் கூசும் கண்களுக்குக் கறுப்புத் திரை நல்லது.

பார்வை முற்றாக இல்லாதவர்களுக்கு ‘என்.வி.டி.ஏ.’ என்ற இலவசத் திரைவாசிப்பான் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கியது அது. தமிழையும் அது வாசிக்கும். விண்டோஸிலேயே ‘வள்ளுவர்’ என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது. ‘டைம் அண்ட் லேங்குவேஜ்’ பகுதியில் ‘ஸ்பீச்’ என்ற இடத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். செய்தித் தளத்தை விரலால் பிடித்துப் படிக்க முடியாதவர், காதால் கேட்டுப் படிக்கலாம்.

இது தயவும் இல்லை, சலுகையும் இல்லை. மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, அதன் 30-ஆவது பிரிவில் தகவலையும் தொடர்பையும் தொழில்நுட்பத்தையும் பெறும் உரிமையை அவர்களுக்கு அளித்திருக்கிறது.

எப்போது கடைக்குப் போக வேண்டும்?

கணினியில் விளக்கே எரியவில்லை, கருகிய வாடை வருகிறது, உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கிறது, நீலத் திரை மீண்டும் மீண்டும் வருகிறது என்றால் அது பொருளின் கோளாறு. கடைக்குத்தான் போக வேண்டும். கொண்டுபோகும் முன் முக்கியக் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவைப்பதும், “எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாமா?” என்று கேட்டால் உடனே தலையாட்டாமல் இருப்பதும் நல்லது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கணினி ஓடும், ஆனால் வங்கி வேலைகளுக்கு அதை நம்புவது ஆபத்து.

வீட்டில் காட்டித்தர ஆள் இல்லாதவர்கள், முன்பு ‘பெடி’ என்றழைக்கப்பட்டு இப்போது ‘நாடி’ எனும் பெயரில் இயங்கும் சமூக இணைய மையங்களில் கேட்கலாம். அடிப்படைக் கணினிப் பயிற்சி அங்கே தரப்படுகிறது.

அதற்கும் முன்பாக ஒரு சிறு வேலை செய்யலாம். ஒரு தாளில் ஐந்து வரி எழுதி, கணினித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம்.

எழுத்து தாறுமாறானால்: ஷிஃப்ட் ஐந்து முறை.
எழுத்தே விழாவிட்டால்: வலப்பக்க ஷிஃப்ட் எட்டு விநாடி.
திரை பெரிதானால்: விண்டோஸ், எஸ்கேப்.
கணினி பேசினால்: விண்டோஸ், கண்ட்ரோல், என்டர்.
கடவுச்சொல் மறுக்கப்பட்டால்: விண்டோஸ், இடைவெளி விசை.

அந்தத் தாளை எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். எழுதி முடித்ததும், தாத்தா பாட்டியை ஒருமுறை கணினி முன் உட்காரவைத்து, “எழுத்து இந்த அளவு போதுமா?” என்று கேட்கச் சொல்லலாம்.