பாய்மரப் படகு டிரெய்லர்

பாய்மரப் படகு டிரெய்லர் என்பது சிறு பாய்மரப் படகைக் காரின் பின்னால் பூட்டிச் சாலையில் கொண்டுசெல்ல உதவும் இழுவை வண்டி ஆகும். 1911இல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப் உள்ள சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே கடலூருக்குப் படகு கொண்டுவர இது பயன்படும்.

டிரெய்லருக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து அதன் சொந்த எடையைக் கழித்தால் ஏற்றக்கூடிய சுமை கிடைக்கும். மொத்த எடை 300 கிலோ, சொந்த எடை 120 கிலோ எனில், சுமை 180 கிலோ. லேசர் வகைப் படகின் உடல் மட்டும் சுமார் 59 கிலோ. பாய்மரம், பாய், சுக்கான், கரையில் தள்ளும் கைவண்டி ஆகியவற்றின் எடையையும் கூட்ட வேண்டும்.

சுமை மிகுந்தால் அச்சும் டயரும் பழுதாகும். டிரெய்லர் மிகப் பெரிதானாலோ, அதன் விறைப்பான ஸ்பிரிங் அமுங்காமல் சாலையின் குலுக்கல் முழுவதும் படகைத் தாக்கும். உடலில் விரிசல் விழலாம். எனவே தேவையைவிடச் சற்றே கூடுதலான சுமை தாங்கும் டிரெய்லரே ஏற்றது.