தேயிலைப் பெட்டியில் இல்லாத எண்

மொன்றியல் கடையில் ஒரு தேயிலைப் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். எடை, விளைந்த நாடு, ஊறவிடும் நிமிடம் எல்லாம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கோப்பைக்கு எத்தனை மில்லிகிராம் கஃபீன் என்பது பெரும்பாலும் இருக்காது. எனர்ஜி டிரிங் டப்பாவில் அந்த அளவைப் போடச் சொல்லும் கனேடியச் சட்டம், இலையில் இயல்பாக உள்ள கஃபீனுக்கு அதைக் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

எண் இல்லாத இடத்தில் நாம் சாயத்தை நம்புகிறோம். கறுப்புத் தேயிலை கடுமை, வெள்ளைத் தேயிலை சாது என்று நினைக்கிறோம். 1998-இல் மொன்றியலில் தொடங்கிய கமெலியா சினென்சிஸ் தேநீரகத்தார், தங்கள் நூலுக்காகப் பல தேயிலைகளை ஆய்வகத்தில் அளக்கக் கொடுத்தபோது, நிறத்தை வைத்துக் கஃபீனைச் சொல்ல முடியாது என்பது தெரிந்தது. மொட்டிலும் இளங்கொழுந்திலும்தான் கஃபீன் கூட. வெள்ளைத் தேயிலையின் உயர்ந்த வகை முழுக்க மொட்டுதான். முதல் அரை நிமிடத் தண்ணீரைக் கொட்டினால் கஃபீன் போய்விடும் என்பதும் சரியல்ல. அதில் போவது சிறு பங்குதான்.

பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஹெல்த் கனடா கணக்கில் 237 மில்லிலீட்டர் தேநீரில் சுமார் 50 மில்லிகிராம் கஃபீன். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு உச்ச அளவு 45. ஒரு கோப்பையிலேயே எல்லை தாண்டிவிடும். "பால் நிறைய விட்டுத்தானே குடுக்கிறன்" என்று அம்மம்மாமார் சொல்வார்கள். தேயிலை குறையாமல் பால் மட்டும் கூடினால் கஃபீன் குறையாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 300, மற்றப் பெரியவர்களுக்கு 400. கோப்பி, கோலா, சொக்லேட் எல்லாம் இதற்குள்தான். சிப்ரோஃப்ளொக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுப்பவருக்குக் கஃபீன் உடலில் நெடுநேரம் தங்கும்; மருந்தாளரிடம் கேளுங்கள்.

'டிகாஃப்' தேயிலையிலும் 0.4 சதவீதம் வரை கஃபீன் இருக்கலாம் என்கிறது விதி. இரண்டு கிராம் பையில் எட்டு மில்லிகிராம். மூலிகைத் தேநீர் என்று விற்றாலும் மாத்தே இலையில் கஃபீன் உண்டு.

கடையில் கேட்கும்போது 'குறைவு, நடுத்தரம்' என்ற பதிலோடு வராதீர்கள். மில்லிகிராமையும், அளந்தது எந்த ஆய்வகம் என்பதையும் கேளுங்கள். டிகாஃப் என்ற பெட்டியில் சந்தேகம் வந்தால் பெட்டி, தொகுதி எண், பற்றுச்சீட்டு மூன்றையும் வைத்துக்கொண்டு கனேடிய உணவுப் பரிசோதனை முகமையிடம் முறையிடலாம். குடித்தபின் படபடப்பு, நித்திரையின்மை என்றால் 811. எந்நேரமும் தாதி பேசுவார். நெஞ்சுவலியோ மயக்கமோ என்றால் நேரே 911.