அயலவர்க்கு ஒரு சொல்

வீடு கட்ட எண்ணுபவர் முதலில் நாள் பார்க்கிறார். பின்னர் மேசனைப் பார்க்கிறார். அதன்பின் வரைபடத்துடன் பிரதேச சபைக்கு விண்ணப்பிக்கிறார். வேலிக்கு அப்பால் வாழ்பவரைப் பார்க்க மட்டும் மறந்துவிடுகிறார். அம்மறதியின் விலையை நாம் அனுபவித்தே அறிந்தோம்.

வந்தாறுமூலையில் 1981இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஊரும் வளர்ந்தது. கிடுகு வேலிகள் நின்ற இடங்களில் மதில்கள் எழுந்தன. நாமும் ஒரு மதில் கட்டினோம். முறைப்படி அனுமதியும் பெற்றிருந்தோம். வரைபடத்தில் மதில் இருந்தது. அயல் வளவின் மழைநீர் எமது வளவினூடாக வடிந்துசெல்லும் வழி அதில் இருக்கவில்லை.

அவ்வருட மாரியில் அயலிலுள்ள மூதாட்டியாரின் அடுக்களைக்குள் முழங்காலளவு வெள்ளம் நின்றது. அவர் கடப்படிக்கு வந்து, "ஒரு சொல் சொல்லியிருந்தா, தண்ணி போற வழியக் காட்டியிருப்பனே மகன்" என்றார். கோபித்திருந்தால் மறுமொழி கூறியிருப்போம். அவர் கோபிக்கவில்லை, நாம் தலைகுனிந்தோம்.

அயலவர்க்கு முன்னறிவித்தல் நம்மவர்க்குப் புதிதன்று. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல் எழுத்துருப் பெற்ற யாழ்ப்பாணத்துத் தேசவழமை, காணி விற்க எண்ணுபவர் உரித்தாளர்க்கும், பங்காளிகட்கும், அக்காணியை ஒற்றியாக வைத்திருக்கும் அயற்காணிக்காரர்க்கும் முதலில் அறிவித்தல் வேண்டும் என்றது. அது விற்பனைக்குரிய விதி; மட்டக்களப்புக்கு உரியதுமன்று. ஆயினும், நம் காணியில் நாம் செய்வது பிறரையும் தொடும் என்னும் உண்மை அதனுள் அடங்கியுள்ளது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் இதற்கெனச் சட்டமே உண்டு. 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி, இரு வீட்டார்க்கும் பொதுவான சுவரில் வேலை தொடங்க இரண்டு மாதங்களுக்கு முன்னரும், எல்லையில் புதுச்சுவர் எழுப்ப ஒரு மாதத்துக்கு முன்னரும் அயலவர்க்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். நம் நாட்டிலும் 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துரைக்க 30 நாள் வழங்கப்பட்டது. ஒரு வீட்டுக்கும் மதிலுக்கும் அத்தகைய 30 நாள் இல்லை. அக்குறையை நிரப்ப வேண்டியது நமது பண்பே.

செய்யவேண்டியது பெரிதன்று. விண்ணப்பம் கொடுக்குமுன், வரைபடத்தை எடுத்துக்கொண்டு நாற்புறத்து வீடுகளுக்கும் செல்லுங்கள். எல்லைக் கற்களை இருசாராரும் சேர்ந்து பாருங்கள். அவர்களது கிணறு எங்கே, உங்கள் மலக்குழி எங்கே, கூரைநீர் எப்பக்கம் விழும், மாரிவெள்ளம் எவ்வழி ஓடும் என்று கேளுங்கள். காணிக்காரர் கனடாவிலோ சுவிஸிலோ இருப்பின், வரைபடத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். அயலவரிடம் நாம் கேட்பது அனுமதியன்று, அவர் அறிந்தவற்றையே. கல் வைக்குமுன் கோடு மாற்ற ஓர் அழிப்பான் போதும். கட்டியபின் மாற்ற அலவாங்கு வேண்டும்.

நாம் அலவாங்கு கொண்டுதான் மதிலின் அடியில் இரண்டு வழிகள் திறந்தோம். அடுத்த மாரியில் தண்ணீர் வடிந்துபோயிற்று. ஆனால் அந்த மூதாட்டியார் மீண்டும் எமது கடப்படிக்கு வர நெடுநாளாயிற்று.